கால் ஓயாத சைக்கிள்

கடியப்பட்டணத்துக் கடற்காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். ஜன்னல் கம்பியைச் சுவைக்கும். கதவுக் கீலைக் கடிக்கும். பன்னிரண்டு வருஷமாக என்னைக் குளச்சல் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்து சென்ற சைக்கிளும் அதற்கு இரையாயிற்று. ஒரு நாள் காலை, மண்டைக்காட்டைத் தாண்டியதும், மிதிப்பதை நிறுத்திக் கால்களுக்குச் சற்று இளைப்பாறுதல் கொடுக்க எண்ணினேன். பெடல்கள் சம்மதிக்கவில்லை. என் பாதங்களையும் தூக்கிக்கொண்டு அவை தம்போக்கில் சுழன்றன. மிதியாதபோதும் சக்கரத்தைத் தனியே ஓடவிடுவதற்கென்று பின்சக்கரத்தில் உள்ள பிரீவீல், துருவேறி இறுகிவிட்டது.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் அச்சமயம் விடுமுறைக்கு வந்திருந்தான். சமாசாரத்தைக் கேட்டதும் கைகொட்டிச் சிரித்தான். “மாமா! இதே வியாதியை அங்கே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். பிக்ஸட் கியர் என்று பெயர்” என்றான். சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றும். காலைப் பின்னுக்கு அழுத்தினால் வேகம் குறையும். உறுப்புகள் குறைவு, ஆகையால் உப்புக்காற்று தின்பதற்கும் குறைவு என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். கடைசியாகச் சொன்ன காரணம் என்னைக் கவர்ந்துவிட்டது. கடற்கரையில் குடியிருப்பவனிடம் துருப்பிடிக்க ஒரு சாமான் குறைவு என்று சொன்னால் யார்தான் மயங்கமாட்டார்கள்?

விசாரித்ததில் இது புதிய மோஸ்தரும் அன்று என்று தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை பெரும்பாலான சைக்கிள்கள் இப்படித்தான் ஓடின. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றிவரும் பிரசித்தமான பந்தயத்தில், ஓட்டத்தின் நடுவே கியர் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறிய வீரர்கள் உண்டு. ஜப்பானில் கொக்குரா நகரில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றும் பிரீவீலும் இல்லை, பிரேக்கும் இல்லை. நம் வீட்டுக் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியும் இந்த ஜாதிதான். என் சிறு வயதில் திருவிழாத் திடலில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டிய ஒருவர், பின்னோக்கியும் ஓட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. அந்த வித்தை கைகூடுவது இத்தகைய வண்டியில்தான்.

நிற்க. பழுதுபார்ப்பவரிடம் போனேன். “பிரீவீலக் கழத்திட்டு வெறும் பல்சக்கரத்தத் திருகிவிட்டாப் போதும் சாரே, கால் மணி நேர வேலை” என்றார். முன்பிரேக்கின் ரப்பர் கட்டை தேய்ந்திருந்தது. காலே பிரேக்காகிவிட்ட பிறகு அதற்கு ஏன் தண்டச் செலவு என்று விட்டுவிட்டேன். படித்தவனுடைய சிக்கனம் இப்படித்தான் இருக்கும்.

மூன்று நாள் வெகு சொகுசு. ஒன்பது கிலோமீட்டர் தூரமும் கால் ஓயவில்லை என்பது உண்மையே. முன்னே 44 பல், பின்னே 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் கால்கள் நிமிஷத்துக்கு 90 முறைக்குமேல் சுற்றியாகவேண்டும். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் என்னைக் கடந்துபோன பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், “சார் இறக்கத்திலும் மிதிக்கிறார்” என்று சிரித்தார்கள்.

நான்காம் நாள், வள்ளியாற்றுப் பாலத்துக்கு முன்னால் சாலை சற்று இறங்குமிடத்தில், தலையில் பனையோலைக் கடவத்துடன் ஒரு மீன்காரப் பாட்டி குறுக்கே வந்தாள். காலைப் பலங்கொண்டமட்டும் பின்னுக்கு அழுத்தினேன். ‘கடக்’ என்றது. பல்சக்கரம் திருகு கழன்று சுழன்றது. பெடல்கள் பின்னோக்கி வெறுமனே ஓடின. முன்பிரேக்கைப் பிடித்தால் இரும்பு இரும்பை உராய்ந்து கிறீச்சிட்டதேயன்றி வேகம் குறையவில்லை. ஓரத்து மணல்மேட்டில் வண்டியைச் சாய்த்து நானும் சாய்ந்தேன். முழங்கை சிராய்ந்தது. கடவம் தப்பியது.

“பிள்ளையளுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கிற ஆளு, பிரேக்கு இல்லாத வண்டியிலயா சாரே வாறது?” என்றாள் பாட்டி.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. சாதாரண ஹப்பில் மரை ஒரே திசையில்தான் உண்டு. முன்னோக்கி மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் இறுகும். பின்னோக்கி அழுத்தினால் அதே மரை கழலும். இதற்கென்றே செய்த ஹப்பில், பல்சக்கரத்துக்கு வெளியே எதிர்த் திசை மரையுள்ள பூட்டு வளையம் ஒன்று உண்டு, அது கழலவிடாது. செயினும் தொய்வின்றி இருக்கவேண்டும். அது நழுவிச் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் 1983-ஆம் வருஷத்து விதிகள் இத்தகைய வண்டிக்கும் முன்சக்கரத்தில் பிரேக்கு இருந்தே தீரவேண்டும் என்கின்றன. அந்த ரப்பர் கட்டையின் விலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மருமகனிடம் கோபம் இல்லை. அவனுடைய வண்டியில் பூட்டு வளையமும் இருக்கிறது, நல்ல முன்பிரேக்கும் இருக்கிறது, வயதும் இருபத்தைந்து. பின்சக்கரத்தின் ஒருபுறம் பிரீவீலும் மறுபுறம் பூட்டு வளையத்துடன் கூடிய பல்சக்கரமும் மாட்டத்தக்க ஹப் உண்டென்றும், அதையாவது வாங்குங்களென்றும் கடிதம் எழுதினான். இரண்டு நாள் யோசித்தேன். மழை நாளில், நோட்டுப் புஸ்தக மூட்டையுடன், அந்த இறக்கத்தில் மறுபுறத்தைத் திருப்பி மாட்டும் தைரியம் எனக்கு வருமா என்று கேட்டுக்கொண்டேன். வாராது.

பிரீவீல், இரண்டு பிரேக்கு, மட்கார்டு, செயின் மூடி எல்லாம் உள்ள சாதாரண சைக்கிளையே வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் விடுகிறேன். பாலத்தருகே அந்தப் பாட்டியைத் தினமும் பார்க்கிறேன். தூரத்தில் நின்று, என் கால்கள் சுற்றுகின்றனவா, ஓய்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அவள் சாலையைக் கடக்கிறாள்.