சொந்தச் சாரீரம்

திண்டுக்கல்லுக்கு வரும் வெளியூர் நண்பர்கள் வழக்கமாக நான்கு விஷயங்களை விசாரிப்பார்கள். முதலாவது மலைக்கோட்டை, இரண்டாவது பூட்டு, மூன்றாவது சிறுமலை வாழைப்பழம். நான்காவதான பிரியாணியைப் பற்றி வாய் விசாரிப்பதற்கு முன்பே மூக்கு விசாரித்துவிடும். இவற்றைப் பற்றி நானும் இயன்றவரை பிரசங்கம் செய்வதுண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ஐந்தாவதாக ஒரு பெருமை இருந்தது. உண்மையில் அது எங்கள் ஊருக்குச் சொந்தமானதே அல்ல. மதுரைக்குப் போகும் ரயில், அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி எல்லாம் தாண்டிச் சோழவந்தானில் நிற்குமல்லவா? அங்கே வைகையின் தென்புறத்தில் தென்கரை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. டி.ஆர்.மகாலிங்கம் பிறந்த ஊர் அது.

என் தகப்பனார் அந்த ரயிலில் போகும்போதெல்லாம், சோழவந்தான் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். தென்னையும், வாழையும், வெற்றிலைக் கொடிக்கால்களும் தவிர வேறொன்றும் தெரியாது. வண்டி நகர்ந்ததும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுவார். "என்ன அப்பா பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, தம்பி" என்பார்.

அவர் ஒரு பூட்டுப் பட்டறையில் கணக்கு எழுதியவர். சங்கீதம் என்றால் அவருக்கு உயிர். அடுத்த வீட்டு ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால், சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிடும். ஆனால் அவர் வாய் திறந்து ஒரு வரி பாடி நாங்கள் கேட்டதில்லை. மார்கழி பஜனையில்கூட ஜாலராவோடு சரி. 'கேட்கத் தெரிந்தவர், பாடத் தெரியாதவர்' என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகள் கட்டும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதானே!

1965-ஆம் ஆண்டில் எனக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையைப் பாடும் கௌரவம் மூன்று வருஷமாக என்னுடையதாக இருந்தது. ஒரு நாள் மேல் ஸ்தாயியில் குரல் ஏறிய இடத்தில், உடைந்த புல்லாங்குழலைப் போல் அது பிளந்துகொண்டது. பையன்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, இனிமேல் ஜன்மத்தில் பாடுவதில்லை என்று அம்மாவிடம் சபதம் செய்தேன். தகப்பனார் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நாளைக்குச் சினிமாவுக்குப் போகலாம், புறப்படு" என்றார்.

போனது 'திருவிளையாடல்' படம். அதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. ஆகையால் கதையைச் சுருக்கமாக ஞாபகப்படுத்துகிறேன். ஹேமநாத பாகவதர் என்ற வித்வான் கர்வத்தோடு பாண்டியன் சபைக்கு வந்து சவால் விடுகிறார். எதிர்த்துப் பாடும்படி பாணபத்திரருக்கு அரசன் கட்டளையிடுகிறான். பாணபத்திரர் நடுநடுங்கிச் சொக்கநாதர் சந்நிதியில் போய் முறையிடுகிறார். சிவபெருமான் விறகு விற்பவராக வந்து, திண்ணையில் உட்கார்ந்து பாடி, பாகவதரை இரவோடிரவாக ஓட வைக்கிறார்.

பாணபத்திரராக வந்தவர் மகாலிங்கம். சந்நிதியில் நின்று அவர் பாடத் தொடங்கியதும், பக்கத்தில் தகப்பனாரின் தோள் குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், மலைக்கோட்டை அடிவாரத்தில், அவராகவே பேச ஆரம்பித்தார். "நானும் பாடியவன்தான், தம்பி. 10 வயதிலிருந்து 14 வயது வரையில் நாடகக் கம்பெனியில் பாலமுருகன் வேஷம் எனக்குத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாய்ஸ் கம்பெனி என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சிறுவர்களைச் சேர்த்துச் சோறு போட்டு, பாட்டும் வசனமும் கற்றுக்கொடுத்து, ஊர் ஊராக நாடகம் நடத்திய கம்பெனிகள் அவை. விடியற்காலையில் சாதகம், இரவெல்லாம் நாடகம். ஒலிபெருக்கி பரவாத காலமாகையால், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். அதனால்தான் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி ஏறிற்று. அந்த உச்ச ஸ்தாயிக்குச் சக்கரவர்த்தியாக இருந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அவர் 1933-ல், 27 வயதிலேயே, காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகு, மேடையில் நின்ற ஒவ்வொரு சிறுவனுக்கும் அடுத்த கிட்டப்பா ஆகிவிட வேண்டும் என்ற கனவு இருந்தது. என் தகப்பனாருக்கும் இருந்தது.

ஆனால் அந்தச் சிறுவர்கள் பயந்து நடுங்கிய எமன் ஒருவன் உண்டு. அவன் பெயர் மகரக்கட்டு. ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தகப்பனாருக்கு ஒரு நாள் மேடையிலேயே குரல் உடைந்தது. கம்பெனி முதலாளி அவர் கையில் ஒரு வேஷ்டியும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். திண்டுக்கல்லில் இறங்கியவர் பூட்டுப் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். தொண்டையையும் அன்றே பூட்டிவிட்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே வயதை ஒத்த சோழவந்தான் சிறுவன், நாடக மேடையிலிருந்து படத்துக்குப் போனான். ஏ.வி.மெய்யப்பன் 1938-ல் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் பாலகிருஷ்ணனாக நடித்துப் பாடினான். அதே படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் மறைவிலிருந்து பாடினார். தமிழ்ப் படத்தில் இரவல் குரல் புகுந்தது அதிலிருந்துதான் என்று சொல்வார்கள். சொந்தக் குரலில் பாடுவதற்காக ஒரு பையன் உள்ளே நுழைந்த வாசலிலேயே, சொந்தக் குரலுக்கு அவசியமில்லை என்று சொல்லும் யந்திரமும் கூடவே நுழைந்தது!

1945-ல் 'ஸ்ரீவள்ளி' வந்தது. முருகனாக மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மிணி. வள்ளியின் பாட்டுக்களுக்குப் பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். முருகனுக்கோ முருகனே பாடினார். கிட்டப்பாவே திரும்பி வந்துவிட்டார் என்று ஜனங்கள் பரவசப்பட்டார்கள். 1947-ல், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 'நாம் இருவர்' வெளிவந்தது. அதில் பாரதியின் பாட்டுக்கள் ஒலித்தன. குமாரி கமலா ஆட, டி.கே.பட்டம்மாள் பாடினார். கதாநாயகன் மகாலிங்கம். தேசமும் பாட்டும் ஒன்றாகக் கலந்திருந்த வருஷம் அது.

அப்புறம் சொந்தமாகப் படம் எடுக்கும் ஆசை வந்தது. மகன் சுகுமாரின் பெயரில் கம்பெனி தொடங்கி, 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை', 'விளையாட்டு பொம்மை' என்று 1950-க்கும் 1954-க்கும் இடையில் வரிசையாக எடுத்தார். பணம் கரைந்தது. அதற்குள் ஜனங்களின் ரசனையும் திரும்பிவிட்டது. வசனம் பேசுகிறவர்கள் கதாநாயகர்களானார்கள். அவர்களுக்குப் பாட வேறு ஆள் இருந்தார்கள். பாடத் தெரிந்த நடிகரைத் தேடுவார் இல்லை. 1958-ல் கவிஞர் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' எடுத்தபோது, மகாலிங்கத்தை அழைத்துக் கதாநாயகனாக்கினார். விசுவநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த அந்தப் படத்தின் பாட்டுக்கள் தமிழ்நாட்டுத் தெருக்களிலெல்லாம் கேட்டன. போனது பணந்தான், குரல் போகவில்லை என்று ஊருக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் தகப்பனார் சொல்லிக்கொண்டு வந்தபோது, எனக்குள் ஒரு சந்தேகம். "அவருக்கு மகரக்கட்டு வராமல் தப்பிவிட்டது, உங்களுக்கு வந்துவிட்டது. அதற்காகவா அழுதீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். "பாண்டியன் சபைக் கதையில் பாடியவர்கள் எத்தனை பேர்?" என்றார்.

"மூன்று பேர்" என்றேன்.

"ஹேமநாத பாகவதராக நடித்தது பாலையா, பாடியது பாலமுரளிகிருஷ்ணா. விறகு விற்பவராக வந்தது சிவாஜி, பாடியது சௌந்தரராஜன். எல்லாரும் மகா மேதைகள், குறையே கிடையாது. ஆனால் கோவிலில் நின்று, 'என்னால் முடியவில்லை, காப்பாற்று' என்று கதறினானே பாணபத்திரன், அவன் மட்டுந்தான் தன் தொண்டையால் பாடினான். மகரக்கட்டு யாரையும் விடாது, தம்பி. அவருக்கும் வந்துதான் இருக்கும். உடைந்த பிறகு வந்த குரலை அவர் கூப்பிட்டுப் பார்த்தார். உட்கார வைத்துச் சோறு போட்டார். நான் கூப்பிட்டே பார்க்கவில்லை. 28 வருஷமாகக் கம்பெனி முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் என்னை மேடையிலிருந்துதான் இறக்கினார், வாயை மூடிக்கொண்டது நான்."

அதே படத்தில் ஔவையாராக வந்தவர் கிட்டப்பாவின் துணைவி கே.பி.சுந்தராம்பாள், அவரும் சொந்தக் குரலில்தான் பாடினார். படத்தை இயக்கிய ஏ.பி.நாகராஜனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இவை எனக்குப் பின்னாளில் தெரிந்தன. தகப்பனாருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்; அந்தக் கொட்டகை இருட்டில் அவர் தம் பழைய வீட்டைச் சேர்ந்தவர்களையே பார்த்திருக்கிறார்.

அன்றிரவு வீட்டுத் திண்ணையில், வெகு தாழ்ந்த சுருதியில், அவர் ஒரு விருத்தத்தைத் தொடங்கினார். குரல் கரகரத்தது, இரண்டு இடத்தில் தடுமாறியது. அதைக் கச்சேரி என்று சொன்னால் பொய் சொன்னதாகும். ஆனால் அம்மா சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். முடிந்ததும் அவள், "இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "உன் குரல் இப்போது எந்தக் கட்டையில் நிற்கிறது, பார்க்கலாம்" என்றார்.

1978 ஏப்ரல் 21-ஆம் தேதி மகாலிங்கம் காலமானார். செய்தி வந்த அன்று மாலை, தகப்பனார் திண்ணையில் தனியாக உட்கார்ந்து வெகு நேரம் பாடிக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் சிலர் நின்று கேட்டார்கள்.

என் விஷயம்? நான் வித்வானும் ஆகவில்லை, நடிகனும் ஆகவில்லை. என் சங்கீதத்தைப் பற்றி என் மனைவியின் அபிப்பிராயம் அச்சிடத் தகுந்ததல்ல. ஆயினும் தினமும் காலையில் அரை மணி நேரம் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, அது இரவல் வாங்கியதல்லவே!