கழிச்சலுக்கு ஊசி இருக்கு, பறவைக் காய்ச்சலுக்கு ஏன் இல்லை?

வல்லக்கோட்டையில் ஒரு பக்கம் முருகன் கோயிலுக்கு வரும் கூட்டம், மறுபக்கம் ஒரகடம் கம்பெனி பஸ்கள். நடுவில் ஒன்றரை ஏக்கர் நெல்லோடும் கொஞ்சம் நாட்டுக்கோழி, ஆறு வாத்தோடும் நாங்கள் இருக்கிறோம். கோழி என் மனைவியின் பொறுப்பு. முட்டைக் காசும் அவள் கையில்தான்.

சில வருஷங்களுக்கு முன் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போட்டார்கள். அறுப்பு வேலையில் நான் அதை விட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, பத்தே நாளில் இருபத்திரண்டு கோழி போயின. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன்பின் ஊசியைத் தவறவிட்டதில்லை, கழிச்சலும் வரவில்லை.

2024 ஏப்ரலில் கேரளாவின் ஆலப்புழை பக்கம் எடத்துவா, செருதனையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் சொன்னபோது அவள் கேட்டாள்: "ஏங்க, கழிச்சலுக்கு ஊசி இருக்கே, இதுக்கு மட்டும் ஏன் இல்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை. கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன்.

கழிச்சல் கிருமியும் மாறத்தான் செய்கிறதாம். ஆனால் அதன் முகம் பெரிதாக மாறுவதில்லை. 1940-களில் கண்டெடுத்த லசோட்டா ரகத்தில் செய்த மருந்து இன்றும் கோழியைச் சாவிலிருந்து காக்கிறது. பறவைக் காய்ச்சல் கிருமி அப்படியில்லை. அதன் மேல்தோலில் எச், என் என்று இரண்டு வகை முட்கள். பறவைகளிடம் எச் 16 வகை, என் 9 வகை. கோழியின் உடம்பு முக்கியமாக எச் முள்ளைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காணும். கிருமி தன்னை நகலெடுக்கும்போது பிழை விடும், திருத்திக்கொள்ளாது. பிழை சேரச் சேர முள்ளின் வடிவம் மாறும், பழைய ஊசிக்கு ஆள் தெரியாமல் போகும்.

இன்னொன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. அதன் மரபணு எட்டுத் துண்டாக இருக்கிறது. ஒரே வாத்துக்குள் இரண்டு வகைக் கிருமி புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்தது போலத் துண்டுகள் கலந்து மூன்றாவது ஒன்று வெளியே வரும். ஆலப்புழையிலேயே 2014-ல் வந்தது எச்5என்1, 2016-லும் 2021-லும் எச்5என்8, 2024-ல் மறுபடி எச்5என்1. இவற்றின் எச்5 முள்ளுக்கு மூலம், 1996-ல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு வாத்தினப் பறவையில் கண்ட கிருமி.

சீனாவில் 2005 முதல் ஊசி போடுகிறார்கள். மருந்தின் ரகத்தைப் பலமுறை மாற்ற வேண்டி வந்தது. தவிர, ஊசி போட்ட கோழி சாகாமல் நின்று, எச்சத்தில் கிருமியைத் தள்ளக்கூடும், வெளியே தெரியாது. வீரியம் குறைந்த எச்9என்2-க்கு நம் நாட்டில் ஊசி வந்துவிட்டது. எச்5-க்கு மட்டும், போபால் ஆய்வகம் உறுதிசெய்ததும் சுற்றி ஒரு கிலோமீட்டரில் உள்ள பறவைகளை அழிப்பதுதான் வழி. அப்படி அழித்த பறவைக்குத்தான் இழப்பீடு, முன்பே செத்ததற்கு இல்லை. அதனால் கொத்தாகச் சாவு கண்டால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல், அன்றே மருந்தகத்தில் சொல்லிவிட வேண்டும். செத்ததை வெறுங்கையால் தொடவும் கூடாது.

சில வகைக் கிருமியை நோவே தெரியாமல் வாத்து சுமக்கும் என்றார் மருத்துவர். எங்கள் ஏரிக்குக் கார்த்திகையிலிருந்து கிளுவைகள் வருகின்றன. எங்கள் வாத்து பகலெல்லாம் அவற்றோடு மேயும், இரவில் கோழிகளோடு ஒரே கூண்டில் அடையும். இதைச் சொன்னதும் மனைவி நாலு வாத்தை விற்றுவிட்டாள். மீதி இரண்டுக்குத் தனிப் பட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி. ஏரிப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கின்றன.