மயில்கழுத்து நிறம்

வீட்டிற்கு வண்ணம் பூசுதல் ஒரு வாரத்து வேலை என்றே எண்ணியிருந்தோம். எம் மகளின் திருமணம் நெருங்கியமையால், நெமிலியில் உள்ள எம் பழைய இல்லத்தின் முன்கூடத்தைப் புதுக்க முற்பட்டோம். அதுவரை நோன்புப் பெருநாளுக்கு முன் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து அடிப்பதே எம் வீட்டு வழக்கம். மகளோ வண்ணக்கடையின் அட்டையைப் புரட்டி, "அத்தா, ஒரு சுவருக்கு மட்டும் இது" என்று விரல் வைத்தாள். கடைக்காரர் அதனை 'டீல்' என்றார்.

தமிழாசிரியரால் இவ்விடத்தில் வாளா இருத்தல் இயலுமோ? நீலமா, பச்சையா என்று பிரித்தறிய இயலாத அந்நிறத்திற்குக் காஞ்சிபுரத்துப் பட்டு வழக்கில் நல்ல பெயர் உண்டு: மயில்கழுத்து நிறம். பாவில் ஒரு நிறமும் ஊடையில் மற்றொன்றும் இட்டு நெய்வதால், சேலையை அசைக்குந்தோறும் நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றும். தெலுங்கில் மயிலுக்கு நெமலி, நெமிலி என்று பெயர். 'நெமிலியில் வாழ்வோர்க்கு மயில்கழுத்து ஆகாதா?' என்று வகுப்பறையில் பேசுவதுபோல் வீட்டிலும் பேசினோம். துணைவியார், "பாடம் முடிந்ததா?" என்றார்.

பணியாளர்கள் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, இருமுறை பூசினர். மற்ற மூன்று சுவர்களும் வெண்மையாகவே இருந்தமையால் கூடம் இருளவில்லை. அழகாகத்தான் இருந்தது.

எண்பதை அணுகும் எம் அன்னையார் கூடத்திற்கு வந்தவர் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். "இது உங்க அத்தா சட்டை நிறமுடா" என்றார். அன்றிரவு உணவைத் தம் அறையிலேயே உண்டார்.

எமக்கு உடனே விளங்கியது. தந்தையார் இராணிப்பேட்டைப் பகுதியில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பணிபுரிந்தவர். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் தோலைப் பதப்படுத்தினர். தோல் பழுப்பு நிறம் பெறும். குரோமிய உப்பு வந்தபின் ஓரிரு நாளில் அவ்வேலை முடிந்தது. சுழலும் மரப்பீப்பாயிலிருந்து தோல் நீலம்பாய்ந்து ஈரத்துடன் வெளிவரும். ஆலைகளில் அதனை 'வெட் புளூ' என்பர். தந்தையாரின் சட்டைக் கைகளில் அந்நிறம் ஏறியிருக்கும். விரலிடுக்குகளில் ஆறாத புண்கள் இருக்கும். ஈரத்தோலின் வாடை வீட்டிற்குள் வராதிருக்க, அன்னையார் அச்சட்டையைக் கிணற்றடியிலேயே வாங்கித் துவைப்பார். பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு குறித்து உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தபோது யாம் பள்ளி மாணவர். அச்செய்தியைத் தந்தையார் நாளிதழில் படித்துவிட்டு, மடித்து வைத்து, மறுநாளும் வேலைக்குச் சென்றார். அவ்வூதியத்தில்தான் யாம் எம்.ஃபில். வரை பயின்றோம்.

மயில், பட்டு என்று அடுக்கிய எமக்கு, இருபது ஆண்டுகள் கண்முன் கொடியில் உலர்ந்த சட்டை நினைவிற்கு வரவில்லை! இதனை எழுதவும் நாணுகிறோம்.

மறுநாள் காலை மகளே, "வெள்ளை அடித்துவிடலாம், அத்தா" என்றாள். பணியாளரை அழைக்க எழுந்தோம். அதற்குள் அன்னையார் கைத்தடியுடன் கூடத்திற்கு வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பின் முகத்தையும் அருகே கொண்டு சென்றார்.

"வாடை இல்லையே. இருக்கட்டும், பிள்ளை ஆசைப்பட்டது" என்றார்.

அவருடைய நாற்காலியை அச்சுவரின் அருகே இடவா, எதிரே இடவா என்று கேட்டோம். அருகே இடச் சொன்னார்.