துகளும் சாட்சி சொல்லும்



அணுப்பொருளைக் கையாளும் இடத்தை எவ்வளவு கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத சில துகள்கள் அங்கே எஞ்சிவிடும். அத்துகள்களைத் தேடிப் படிப்பதற்கென்றே நாடுகள் கைகோத்து நிற்பதை எண்ணி வியக்கிறேன்.

ஈராக்கின் மறைமுக அணுவாயுத முயற்சி 1991இல் வெளிப்பட்டபோது, அறிவிக்கப்பட்ட பொருள்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது என்பதை உலகம் உணர்ந்தது. அதன்பின் வந்ததே துடைப்பு மாதிரி முறை. அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர் 10 செண்டிமீட்டர் சதுரப் பருத்தித் துணியால் சுவரையும் கருவிகளையும் துடைத்து, உறையிலிட்டு மூடி, வியன்னாவை அடுத்த சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வகத்திற்கு அனுப்புகிறார்.

அத்துணியில் ஒட்டிய யுரேனியத் துகளின் எடை, ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் சில கூறுகளே. ஆயினும் அதிலுள்ள யுரேனியம்-235இன் அளவை நிறைமாலைமானி கண்டுசொல்லும். இயற்கை யுரேனியத்தில் அது 0.72 விழுக்காடு, மின்உலை எரிபொருளில் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு, அணுகுண்டுக்கோ ஏறத்தாழ 90 விழுக்காடு.

அளவு பிழையானால் ஒரு நாட்டின்மீது பொய்ப்பழி விழும். துகள் தப்பினால் ஓர் அணுகுண்டு மறைந்திருக்கும். ஆதலால் முகமை தன் கணிப்பை மட்டும் நம்புவதில்லை. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்சு, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் ஆய்வகங்களுக்கும் மாதிரிகள் செல்கின்றன. உறைமேல் நாட்டின் பெயர் இராது. குறியெண் மட்டுமே இருக்கும். அரசாங்கத் தேர்வுத் தாளில் மாணவர் பெயரை மறைப்பதும் இதே நியாயத்தால்தான். அந்த ஆய்வகங்களின் திறனைச் சோதிக்க, விடை முன்பே தெரிந்த மாதிரிகளும் அனுப்பப்படுவதுண்டு.

ஈரானில் 2003ஆம் ஆண்டு உயர்செறிவு யுரேனியத் துகள்கள் அகப்பட்டன. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய மையவிலக்குக் கருவிகளோடு வந்தவை என்றது ஈரான். 2005இல் பாகிஸ்தான் அத்தகைய கருவிப் பாகங்களை முகமையிடம் ஒப்படைத்தது. துகள்களை ஒப்பிட்ட முகமை, அவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை என்ற கூற்றுக்கே முடிவுகள் துணை நிற்கின்றன என்று அவ்வாண்டு செப்டம்பரில் அறிவித்தது. ஈரானைப் பற்றிய பிற ஐயங்கள் அகலவில்லை. எனினும் இந்த ஒரு வினாவிற்கு விடை தந்தது அளவீடே, அரசியல் அன்று.

குற்றத்தைக் காட்டும் அதே கருவி, பழியையும் துடைக்க வல்லது. ஒருவரையொருவர் முழுதாக நம்பாத நாடுகளும் ஓர் அளவுகோலை நம்ப இணங்கியிருக்கின்றன. அந்த இணக்கத்தைக் காப்பது, துகளைக் காண்பதினும் அரிய பணி என்பேன்.