இடது மூலை

சடுகுடு ஆட்டத்தில் கூட்டத்தின் கண்கள் பாடிப் போகிறவன் மேல்தான் இருக்கும். எதிர்க் கட்சி ஏழு பேரில் இரண்டு ஓரங்களிலும் குனிந்து நிற்கும் மூலைக்காரர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வந்தவன் கணுக்காலை முதலில் பற்றுகிறவன் பெரும்பாலும் மூலைக்காரன்தான். மற்றவர்கள் ஓடி வந்து அமுக்கும் வரை அவன் தனியாள். பிடி நழுவினால் பழியும் அவனுக்கே.

2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டியில் இந்த மூலைக்காரர்களுக்கும் விலை வந்துவிட்டது. 2023 அக்டோபரில் மும்பையில் ஏலம் நடந்தபோது, எங்கள் புதுக்கோட்டை டீக்கடையில் இரண்டு இரானியர்களை வைத்துப் பெரிய வழக்கே நடந்தது. இருவரும் இடது மூலை. ஃபசல் அத்ராச்சலி முப்பதைத் தாண்டியவர். கால் தன்னிடம் வரட்டும் என்று காத்திருப்பவர். முகமதுரேசா ஷாட்லூயி இளைஞர். தாமே பாய்ந்து போய்ப் பிடிப்பவர். ஏலத்தில் இளையவருக்கு 2.35 கோடி, மூத்தவருக்கு 1.60 கோடி. இளையவரை எடுத்த புனேரி பல்டன் 2024 மார்ச்சில் கோப்பையையும் வென்றது. டீக்கடையில் ஒரு கட்சிக்கு ஒரே கொண்டாட்டம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதே வழக்கில் ஒரு முறை தீர்ப்புச் சொல்லிச் சூடு பட்டவன் நான்.

பள்ளி நாட்களில் எனக்கு ஆட்டம் வராது. அதனால் நோட்டுப் போட்டுப் புள்ளி குறிக்கும் உத்தியோகம் என்னிடம் வந்தது. மாவட்ட அணிக்கு எங்கள் பள்ளியிலிருந்து இடது மூலைக்கு ஒருவன் போகலாம். இரண்டு பேர் இருந்தார்கள். விளையாட்டு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "நீதானேடா கணக்கு வைக்கிறே, யாரு தேவலை?" என்று கேட்டார்.

ஒருவன் பாய்ந்து பிடிப்பான், மைதானமே கைதட்டும். மற்றவன் அசையாமல் நிற்பான். என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே பிடிகள் குறைவு. காரணம் எனக்குத் தெரியும்: அவன் நிற்கிற பக்கம் எவனும் காலை வைப்பதில்லை. வராதவனைப் பிடித்ததாக எப்படிக் குறிப்பது? நோட்டில் அதற்குக் கட்டமில்லை. தவிர, பாய்கிறவன் எனக்கு அவ்வப்போது சைக்கிள் கொடுப்பவன். பேசாமல் நோட்டை வாத்தியாரிடம் நீட்டினேன்.

பாய்ந்தவன் மாவட்ட அணியில் ஆடினான். பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் உத்தியோகமும் கிடைத்தது. மற்றவன் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனான்.

போன பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். இரவு ஆட்டம். இருவரும் கயிற்றோரம் நின்றிருந்தோம். நெடுநாள் நெஞ்சில் கிடந்ததை அவனிடம் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் பழைய கதை மாப்ளே" என்றான். கொஞ்ச நேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எம்பக்கம் ஆளே வராதுன்னு ஒனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான்.

"தெரியும்."

"அதை அவருட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.