எருக்கஞ்செடி புகட்டிய பாடம்

கல்வி ஏட்டில் மட்டும் உறைவதன்று என்பதை நம் கல்லூரியில் பயின்ற காலத்தே பன்முறை கேட்டுளேன். கேட்டதனை உணர்ந்ததோ, யான் ஆசிரியனாகிப் பல்லாண்டு கழிந்த பின்னரே. அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

யான் கிராமப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பினர்க்கு உயிரியல் கற்பித்து வந்தேன். உருமாற்றம் என்னும் பாடம் வருங்கால் கரும்பலகையில் நான்கு படங்கள் வரைவேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று மாணாக்கர் ஒரே குரலில் ஒப்பிப்பர். ஆடு மேய்க்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மட்டும் சன்னல் வழியே வெளியே நோக்கியிருப்பான். அவனது மதிப்பெண் அறிக்கையில் 'கவனமில்லாதவன்' என்று எழுதினேன்.

ஒரு நாள் மதிலோரம் மண்டிக் கிடந்த எருக்கஞ்செடிகளை வெட்டுமாறு மாணாக்கரைப் பணித்தேன். எருக்கம்பால் கண்ணிற் படலாகாது என எச்சரிக்கவும் மறந்தேனல்லேன். பாதிச் செடிகள் வீழ்ந்தன. அச்சிறுவனோ அரிவாளைத் தாழ்த்தி வாளாநின்றான். "ஏன் நிற்கிறாய்?" என்று அதட்டினேன்.

"ஐயா, இதில் புழு இருக்கிறது. இது வேறு இலை தின்னாது. வேப்பிலையும் முருங்கையிலையும் வைத்துப் பார்த்தேன்; தொடவில்லை" என்று கூறி, இலையொன்றைத் திருப்பிக் காட்டினான்.

கருப்பும் வெண்மையும் மஞ்சளுமாய் வரியோடிய புழு ஒன்று ஆங்கிருந்தது. ஆண்டுதோறும் புழுவைப் படமாய் வரைந்த யான், வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் அப்புழுவை அன்றுவரை கண்டறிந்திலேன். அவனோ சோதனையே செய்திருந்தான்! 1647 முதல் 1717 வரை வாழ்ந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார், புழுக்களை வளர்த்து, அவை உண்ணும் செடிகளோடு சேர்த்து வரைந்து புகழெய்தினார். அவர் சென்ற நெறியில் இவன் தானே சென்றிருந்தான்.

எஞ்சிய செடிகள் தப்பின. மறுநாள் முதல் மதிலோரமே எம் வகுப்பாயிற்று. கண்ணாடிக் குப்பிகளின் வாயை மெல்லிய துணியாற் கட்டி, நாள்தோறும் புத்திலையிட்டுப் புழுக்களை வளர்த்தோம். முட்டையினின்று வெளிப்பட்ட புழு முதற்கண் தன் முட்டையோட்டையே தின்பதையும், பன்முறை தோலுரிப்பதையும், தலைகீழாய்த் தொங்கிக் கூடாவதையும் மாணாக்கர் கண்டு குறித்தனர். எருக்கம்பாலின் நஞ்சு பூச்சியின் உடலிற் சேர்வதாலேயே பறவைகள் அதனை வெறுக்கின்றன என்று விளக்கினேன்.

ஒரு கூட்டினின்று மட்டும் வண்ணத்துப்பூச்சி வரவில்லை. சிறு வெண்புழுக்கள் நெளிந்து வந்தன. சிலர் கண்கலங்கினர். "பறவைக்கு ஆகாத நஞ்சு இவற்றுக்கு மட்டும் ஆகுமா, ஐயா?" என்று அச்சிறுவன் வினவினான். புழுவின்மேல் முட்டையிட்டு, அதனையே தன் குஞ்சுகட்கு உணவாக்கும் ஒட்டுண்ணி ஈயைப் பற்றிக் கூறினேன். ஆயினும் அவன் வினாவிற்கு முழு விடை அன்று என்னிடம் இல்லை; அதனை ஒளியாது ஒப்புக்கொண்டேன். அதுகாறும் என் வகுப்பில் அத்தகைய வினா ஒன்றும் எழுந்ததில்லை.

அடுத்த அறிக்கையில் அவனைக் குறித்து வேறு எழுதினேன். முன்னெழுதிய சொல்லை அழிக்க வழியில்லை. வகுப்பில் கவனமில்லாதிருந்தவன் யார் என்பதை அச்சொல் இன்றும் என்னிடமே வினவுகின்றது.

நம் கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்லவிருக்கும் இளைஞர்காள்! சன்னலின் வெளியே நோக்கும் சிறுவனைக் கடியுமுன், அவன் நோக்கும் பொருள் யாதென ஒருமுறை நீவிரும் நோக்குமின்.