செடி யாருடையது?

பதுளையில் நாம் கற்பிக்கும் பாடசாலைக்குப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் சொக்கலேட் கொண்டுவந்தான். வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய அவனுடைய சித்தி கொடுத்தது. உடைத்தபோது நடுவிலே ஒரு கொட்டை இருந்தது. "சேர், இது எங்கே விளையுது? யார் விளைவிக்கிறாங்க?" என்று கேட்டான். முதற் கேள்வி எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளைக்கே தோன்றும்.

அது ஹேசல் கொட்டை. துருக்கியின் கருங்கடற் கரையிலே, கிரேசுன், ஓர்டு ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் விளைகிறது. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் துருக்கியினுடையது. அங்கே சின்னஞ்சிறு தோப்புகளைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கின்றன. ஆகஸ்டில் காயைச் சேகரித்து, வெயிலில் உலர்த்தி, சொத்தையையும் பூஞ்சணம் பிடித்ததையும் நீக்கி விற்கின்றன. அவற்றை இத்தாலி முதலிய நாடுகளின் சொக்கலேட் ஆலைகள் வாங்குகின்றன. அதே கரையில், இன்னும் கிழக்கே, ரிஸே என்னும் இடத்தில் தேயிலை விளைகிறது. அதுவும் குடும்பங்களின் சிறு நிலங்களில்தான்.

இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தேயிலை வளர்க்கும் குடும்பமே அந்த நிலத்துக்கும் உடைமையாளராக இருக்க முடியும் என்பது அப்பிள்ளைகளுக்குப் புதுமையாக இருந்தது. அக்கரையைச் சொர்க்கமென்று நாம் சொல்லவில்லை. அங்கும் விலையைக் கணிசமாக ஆட்டிவைப்பவர்கள் பெரு வணிகர்களே. தோப்புகளில் கூலிக்குக் காய் பறிக்க நாட்டின் தென்கிழக்கிலிருந்து பிள்ளைகுட்டிகளுடன் வரும் ஏழைகளின் துயரமும் உலகறிந்தது. ஆயினும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பேரம் பேச ஒரு தரை இருக்கிறது. காலூன்றத் தரையில்லாதவன் பேரம் பேசுவது எங்ஙனம்?

நம் நாட்டிலும் சிறுதோட்டக்காரர் இல்லாமலில்லை. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இன்று அவர்கள் நிலத்தில் விளைவதே. தேயிலை விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்று அவர்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. அவர்களை வளர்க்கும் அதிகார சபைக்கு 1975ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அந்தத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த மக்களுள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகக் கிடந்தார்கள். நாடே இல்லாதவனுக்கு நிலம் ஏது? 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

ஊவாத் தேயிலையின் தரமோ உலகம் போற்றுவது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மழையை மேற்கிலே கொட்டிவிட்டு மலை தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து மெல்ல வளர்கிறது. அப்போது ஏறும் மணத்துக்காகவே கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேத்தன்னையை வாங்கிய காலமுதல் அந்த மணம் வியாபாரமாகி வருகிறது. ஆனால் காற்று மட்டும் தரத்தைத் தந்துவிடாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலை சேரக்கூடாது. கூடையில் அமுக்கி நசுக்கக்கூடாது. சூடேறுமுன் ஸ்டோருக்குச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 4.5 கிலோ கொழுந்து வாடி, உருண்டு, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. அவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கிள்ளியவை தொழிலாளிப் பெண்ணின் விரல்கள்.

அண்மைக் காலமாகச் சில தோட்டங்களில் வருமானப் பங்கீடு என்றொரு முறை வந்திருக்கிறது. தொழிலாளிக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். குடும்பமே பராமரித்து, கொழுந்தை நிறுவைக் கணக்கில் தோட்டத்துக்கே கொடுக்க வேண்டும். "நீங்களும் இனி முதலாளி" என்று சொன்னார்களாம்.

சொக்கலேட் கொண்டுவந்த அந்த மாணவன் தரப் பருவத்தில் திங்கட்கிழமைதோறும் வராமற்போகவே, இடாப்பில் சிவப்பு மையால் குறித்துக் குறித்துச் சலித்து, ஒரு மாலை அவன் லயத்துக்குப் போனோம். அவர்களுக்கு ஆயிரம் செடி கொடுத்திருந்தார்கள். சனி, ஞாயிறு போதாமல் திங்களும் அவன் மலையில் நின்றிருக்கிறான். உரத்துக்கும் மருந்துக்கும் கழித்தது போகக் கையில் வந்தது சொற்பம். அந்த நாட்களுக்குச் சேமலாப நிதியும் இல்லை என்றார் தகப்பனார். நாட்சம்பளம் என்றால், 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று போராடியாவது கேட்கலாம். தன் வீட்டுக்காரரிடமும் பிள்ளையிடமும் யார் சம்பளம் கேட்பது?

"செடியாவது உங்களுடையதா அம்மா?" என்று தாயாரைக் கேட்டோம்.

"செடி எங்களுது இல்லீங்க சேர். புல்லுதான் எங்களுது" என்றார்.

புல் வெட்டுவதும், முள்ளுக் குத்துவதும், மழை பொய்த்தால் வரும் நட்டமும் அவர்களுடையவை. நிலமும் செடியும் விலையும் பிறருடையவை. குடும்ப விவசாயத்தின் பாரம் முழுவதையும் கொடுத்து, அதன் உரிமையை மட்டும் கொடாத ஏற்பாடு இது. இந்த முறையை ஒழிக்க வேண்டுமென்பதல்ல நம் வாதம். செடியைப் பிரித்தவர்கள் நிலத்தின் உறுதியையும் அக்குடும்பத்தின் பெயருக்கு எழுதட்டும். 68க்கு 32 என்ற கணக்கை அவர்களுக்கும் நீட்டட்டும். அதுவரை நாட்சம்பளமும் சேமலாப நிதியும் குறையாதிருக்கட்டும்.

அந்த மாணவன் இப்போது திங்களில் வருகிறான். அவன் நின்ற இடத்தில் தங்கை நிற்கிறாள் என்று பின்னர் அறிந்தோம். நம் இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு குறைந்திருக்கிறது. வேறொரு வகுப்பின் இடாப்பில் ஒன்று கூடியிருக்கிறது.